குளத்தங்கரைப் பண்டிதர்

ஊருக்கு ஒரு குளம் இருப்பதும், குளத்துக்கு நான்கு கரை இருப்பதும், அந்த நான்கில் அரசமரம் நிழல் விரித்திருக்கும் கரையில் தூண்டில் இல்லாமலே மீன் பிடிக்கும் பெரியவர் ஒருவர் அமர்ந்திருப்பதும் நம் நாட்டில் அனாதி காலமாக நடந்துவரும் சங்கதிகள். தோளில் துண்டு, மடியில் வெற்றிலைப் பொட்டலம், நாவில் சாஸ்திரம்: இவையே அவருடைய உபகரணங்கள். அவர் தூண்டிற்கழியைக் கையால் தொட்டதைக் கண்டவர் எவருமில்லை. ஆயினும், அந்தக் குளத்தில் யார் எந்த மீனைப் பிடித்தாலும் அதில் அவருக்கு ஒரு பாத்தியதை உண்டு.

புதுக்கோட்டைச் சீமையில் நான் சில வருஷம் குடியிருந்தபோது எனக்கும் அப்படி ஒரு பண்டிதர் வாய்த்தார். மூங்கில் கழியும், நரம்பும், மயிலிறகுத் தண்டில் செய்த தக்கையும், கொட்டாங்கச்சி நிறைய ஈரமண்ணும் மண்புழுவுமாக முதல் நாள் நான் போய் உட்கார்ந்து, புழுவை முள்ளில் கோத்து முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு கனைப்புக் கேட்டது.

"தம்பி, புழுவை முழுசாக் கோத்துராதே. வால் கொஞ்சம் தொங்கணும். அது நெளியிறதைப் பாத்துத்தான் மீனு வரும்."

திருத்திக் கோத்தேன்.

"தக்கையை ஒரு சாண் கீழே இறக்கு. அங்கே அவ்வளவு ஆழம் கிடையாது."

இறக்கினேன்.

"உன் நிழல் தண்ணியில விழுதே, மீனு நிக்குமா?"

நிழல் பின்பக்கம் விழும் இடம் தேடி நான் வெயிலுக்குப் போனேன். நான் காலி செய்த மரத்தடியில் பண்டிதர் சௌகரியமாகக் காலை நீட்டிக்கொண்டார்.

சோழியைப் பார்த்து ஜோசியர் பலன் சொல்வதுபோல, தக்கையைப் பார்த்து அவர் பலன் சொல்லுவார். தக்கை வெடவெடவென்று நடுங்கினால் கெண்டை கொறிக்கிறது; சாய்ந்து பக்கவாட்டில் நகர்ந்தால் கெளுத்தி இழுக்கிறது; எச்சரிக்கை ஏதுமின்றி ஒரே முழுக்காக மறைந்தால் விரால். அன்று தக்கை நடுங்கிற்று. "கெண்டைதான், சந்தேகமே இல்லை" என்றார். நான் சுண்டி இழுத்தேன். வந்து விழுந்ததோ ஜிலேபி. "அதுவும் ஜிலேபிக் கெண்டைதானே, தம்பி" என்று ஒரு கணமும் தயங்காமல் அதைத் தம் கெண்டைகளின் கோத்திரத்திலே சேர்த்துவிட்டு, ஆப்பிரிக்காவைப் பூர்விகமாகக் கொண்ட அந்த மீன் 1952-இல் இலங்கை வழியாக இந்தியாவுக்கு வந்து சேர்ந்த வரலாற்றையும், முட்டைகளை வாய்க்குள்ளேயே அடைகாத்துக் குஞ்சு பொரித்த பின்பும் ஆபத்துக் கண்டால் குஞ்சுகளைத் தாய் வாயில் ஒளித்துக்கொள்ளும் விந்தையையும் விரித்துரைக்கலானார். வாயைத் திறக்காமல் பிள்ளை வளர்க்கும் அந்தத் தாயைப் பற்றி அவர் வாயை மூடாமல் அரைமணி நேரம் பேசினார்.

மீன் விழுந்தால் அது குருவின் உபதேச பலன். தப்பினால் அது சீடனின் பக்குவக் குறைவு. ஒரு நாள் கெளுத்தியொன்றை முள்ளிலிருந்து கழற்றும்போது அதன் செவுளோரத்து முள் என் கட்டைவிரலில் ஏறி, கை மணிக்கட்டுவரை கடுத்தது. "கெளுத்தி குத்தும், தம்பி" என்றார் பண்டிதர். உண்மைதான். குத்திய பிறகு சொன்னார் என்பதற்காக ஒரு சத்தியம் அசத்தியமாகிவிடாது.

அவரிடம் எனக்கிருந்த சங்கடமே இதுதான். அவர் சொன்னவற்றில் பொய்யைத் தேடித் தேடி நான் தோற்றேன். பத்தில் ஒன்பது, நூலில் பார்த்தாலும் நேரில் பார்த்தாலும் மெய்யாகவே இருந்தது. அந்த ஒன்பதின் தோள்மீது ஏறிக்கொண்டுதான் பத்தாவது ஊர்வலம் வந்தது. அந்தப் பத்தாவது, வடகிழக்கு மூலையில் அல்லிக்கொடிக்கு அடியில் பத்து வருஷமாக வாசம் செய்யும் ஒரு விரால். நான் முதலில் கேட்டபோது அது ஒரு முழமாக இருந்தது. அடுத்த வருஷம், பண்டிதர் இடக்கையை நீட்டி வலக்கையால் தோளைத் தொட்டுக் காட்ட வேண்டிய அளவுக்கு வளர்ந்துவிட்டது. விரால் மூச்சுக்காக அடிக்கடி நீர்மட்டத்துக்கு வரும் என்பது உண்மை. ஆகவே எங்கே ஒரு குமிழி எழுந்தாலும் அது பிரத்தியட்சப் பிரமாணம். செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைத் தாய்விரால் காவல் காக்கும் என்பதும் உண்மை; ஆகவே தண்ணீரில் எங்கே சிவப்புத் தெரிந்தாலும் அது இரண்டாவது சாட்சி. சூதில் வரும் வெற்றியை, தூண்டில் இரும்பை இரையென்று விழுங்கிய மீனுக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். நானோ தூண்டிலின் மறுமுனையில் உட்கார்ந்துகொண்டே அந்த விராலை முழுசாக விழுங்கிவிட்டேன்.

மழை பொய்த்த ஒரு வருஷம், வைகாசியில் குளம் முழங்காலளவுக்கு வற்றி, மீன்பிடித் திருவிழா நடத்துவதென்று ஊர் கூடித் தீர்மானித்தது. கரையில் நின்று ஊர்ப்பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதுதான் தாமதம், ஊத்தாவும் வலையுமாக ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் சேற்றில் பாய்ந்தார்கள். கெண்டை வந்தது, கெளுத்தி வந்தது, குரவை வந்தது, ஜிலேபி கூடை கூடையாக வந்தது. விராலும் வந்தது, பெரியது எது என்று பார்த்தால் என் முழங்கை நீளம் இருக்கும். வடகிழக்கு மூலையில் நாலு பேர் நின்று அல்லிக்கொடியை வேரோடு பிடுங்கிப் பார்த்தார்கள். பிறகு குளத்திலிருந்த அத்தனை முகங்களும், சேறு வழிய, அரசமரத்தை நோக்கித் திரும்பின.

பண்டிதர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளி எறிந்தார். சுண்ணாம்பை நிதானமாகத் தடவினார். மடித்து வாயில் இட்டுக்கொண்டார்.

"போன ஐப்பசியில ஒரு நா ராத்திரி விடாம மழை பேஞ்சுச்சுல்ல? ஈரத் தரையில விரால் ஊந்து போகும். அன்னைக்கே அது பெரிய கண்மாய்க்குப் போயிருச்சு."

அப்படியானால், தையிலும் மாசியிலும் எனக்குக் காட்டிய குமிழிகள் யாருடையவை என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள், "ஆமாமா, விரால் ஊரத்தான் செய்யும், எங்க அப்பாவே பாத்திருக்காரு" என்று ஒருவர் சொல்ல, ஊரே தலையாட்டிவிட்டது. ஊர்ந்து போகும் என்பதும் உண்மைதானே!

மறுநாள் மாலை பெரிய கண்மாய்க்குப் போனேன். புளியமர நிழலில் பண்டிதர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். நான் வெயிலில் இடம் பார்த்து, அவர் காட்டிய மூலையில் தூண்டிலைப் போட்டேன். புது இடத்துத் தண்ணீர் அந்த விராலுக்கு ஒத்துக்கொண்டது போலும். அதற்குள் ஒரு சாண் வளர்ந்திருந்தது.