ரயிலுக்குப் புதுப் பெயர் எதற்கு?

கேள்வி: பெங்களூரு–மைசூரு 'திப்பு எக்ஸ்பிரஸ்' 2022-ல் 'உடையார் எக்ஸ்பிரஸ்' ஆனபோது இத்தனை கொந்தளிப்பு ஏன்? ரயில் நேரத்துக்கு வந்தால் போதாதா?
(வாசகர், ஓசூர்)

பதில்: நேரத்துக்கு வரட்டும், பழைய பெயரோடும் வரலாமே! 1980-லிருந்து ஓடும் வண்டி. அதில் போய்ப் படித்தவர்களுக்கும் வேலை பார்த்தவர்களுக்கும் அது வெறும் பலகை இல்லை.

மைசூர் அரச வம்சமான உடையார்களுக்கு மரியாதை வேண்டாம் என்று யார் சொன்னது? மைசூருக்கு 1882-ல் ரயில் வந்ததே அவர்கள் ஆட்சியில்தான். ஸ்ரீரங்கப்பட்டணமும் 1610 முதல் அவர்களின் தலைநகராக இருந்தது. அதே ஊர்க் கோட்டையில்தான் 1799 மே 4 அன்று மைசூரை ஆண்ட திப்பு சுல்தான் போரிட்டு மாண்டார். இருவருக்கும் சொந்தமான ஊரைத் தொட்டுப் போகும் தடத்தில், ஒருவரை இறக்கிவிட்டு இன்னொருவரை ஏற்றுவானேன்? அதே சமயத்தில் தாளகுப்பா–மைசூரு ரயிலுக்குக் கன்னடக் கவிஞர் குவெம்புவின் பெயரை வைத்தார்கள். யாருடைய பெயரையும் அழிக்கவில்லை, யாரும் முகம் சுளிக்கவில்லை. உடையாருக்கும் அப்படியொரு வண்டி தந்திருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டாவது தண்டவாளம் போட, ஸ்ரீரங்கப்பட்டணம் ரயில் நிலையத்தருகே திப்புவின் ஆயுதக் கிடங்கு குறுக்கே நின்றது. செங்கல்லும் சுண்ணாம்புமான பழைய கட்டடம். இடித்துத் தள்ளவில்லை. அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, 2017-ல் முழுசாக நூறு மீட்டருக்கும் மேல் நகர்த்தி வைத்தார்கள். கட்டடத்துக்குக் காட்டிய அந்த அக்கறையைப் பெயருக்கும் காட்டியிருக்க வேண்டும்.

அடுத்த முறை மைசூரு போனால் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறங்கி அந்தக் கிடங்கைப் பாருங்கள்.