காட்டு எருது

"காற்று எழுந்தது" என்று சொன்னேன். போன் "காட்டு எருது" என்று எழுதியது.

என் நாவலின் முதல் வாக்கியம் அது. மூன்று மாதம் மனதுக்குள் போட்டு உருட்டி, இரண்டே சொல்லில் முழுக் கடலையும் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன் என்று என் முதுகை நானே தட்டிக்கொள்ள நினைத்த வாக்கியம். கை முதுகுவரை போகாததால் தட்டவில்லை.

மறுபடி சொன்னேன். "காட்டு எழுதியது" என்று வந்தது. மூன்றாம் முறை, கரைவலை இழுக்கிறவன் மாதிரிக் கத்தினேன். குசினிக்குள் இருந்து மனைவி கேட்டாள்: "ஆருக்கு ஏசுறீங்க?"

கை போகாத கதையைச் சொல்லிவிடுகிறேன். வலது தோள் இறுகிப்போய்விட்டது. சட்டை போடுவதற்கே இன்னொருவர் வேண்டும் என்ற நிலை வந்தபோது டாக்டரிடம் போனேன். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்றுவிட்டேன், இப்போது நாவல் எழுதுகிறேன் என்றேன். "அது சரி, வேலை என்ன?" என்றார். கடைசியில், ஆறு மாதத்துக்குக் கணினியில் தட்டவே கூடாது என்று எழுதித் தந்தார். மருந்துச் சீட்டில் வாசிக்கக்கூடியதாக இருந்த ஒரே வரி அதுதான்.

நான் தட்டுவது பாமினியில். இலங்கையில் என் வயதுக்காரர் பலருக்குக் கணினித் தமிழ் என்றாலே பாமினிதான். "அம்மா" என்று வரவேண்டுமானால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்டவேண்டும். பெற்ற தாயைக் கூப்பிட ஐந்து தட்டு, அதுவும் இரண்டு விரலால். அப்படிப் பதினைந்து வருடம் தட்டிய பாவம் தோளில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

தங்கச்சியின் மகள் கொழும்பில் இருந்து விடுமுறைக்கு வந்தவள், "மாமா, இப்ப ஆரும் டைப் பண்ணுறதில்ல. நீங்க சொல்லுங்க, போன் எழுதும்" என்றாள். 2017ஆம் ஆண்டில் இருந்தே கைபேசியில் தமிழைக் குரலால் எழுதலாமாம். அவ்வளவு காலமும் அது எனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் ஒரு பட்டியலைத் திறந்து காட்டினாள். அதில் நாலு தமிழ் இருந்தன: இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா. இலங்கையைத் தொட்டோம். எந்த இலங்கைத் தமிழ் என்று அது கேட்கவில்லை. யாழ்ப்பாணமா, மட்டக்களப்பா, மலையகமா, எங்கள் புத்தளக் கரையா? மாம்புரித் தமிழைத் தேர்ந்தெடுக்க ஒரு வசதி இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

நியாயமாகப் பேசினால், எருது வந்தது போனின் குற்றம் இல்லை. எங்கள் நாக்கின் குற்றம். தமிழகத்தார் பேசும்போது "காத்து" என்பார்கள். மேடை ஏறினால் ஒரு ரகரத்தை உருட்டிச் சேர்ப்பார்கள். நாங்கள் நுனிநாக்கை மேல்பல்லுக்குச் சற்றுப் பின்னால் வைத்து, உருட்டாமல், அழுத்திச் சொல்லிவிடுவோம். பழகாத காதுக்கு அது "காட்டு". எங்களுடையதுதான் பழைய உச்சரிப்பு, பாதுகாக்க வேண்டியது என்று மொழியியல் படித்தவர்கள் மெச்சுகிறார்கள். போன் மொழியியல் படிக்கவில்லை. நாயகனின் வெற்றிப் புன்னகை "வெட்டிப் புன்னகை" ஆயிற்று. "சவிரிமுத்து அவள் தோற்றத்தைப் பார்த்து மயங்கினான்" என்று சொன்னேன். "சவாரி முத்து அவள் தோட்டத்தைப் பார்த்து மயங்கினான்" என்று எழுதியது. சவாரியைத் திருத்தினேன். தோட்டத்தைத் தொடவில்லை. சீதனம் பேசி முடிக்கிற எத்தனையோ கல்யாணங்களைப் பார்த்தவன் நான். அந்த வரியில் போனுக்குத்தான் உலக அனுபவம் கூட.

உச்சரிப்பையாவது திருத்தலாம், ஊரைத் திருத்த முடியுமா? கற்பிட்டித் தீபகற்பம் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்புமாக நீளும் மணல் நாக்கு. அதில் இருக்கும் மாம்புரியில் காற்று எப்படி என்று அறிய வானிலை அறிக்கை வேண்டாம். 2010இல் இங்கே 10 மெகாவாட் காற்றாலை வந்தது. அதற்குப் பிறகு வேறு ஆலைகளும் வந்தன. முதல் போட்டவர்கள் அளந்து பார்த்துத்தான் போட்டிருப்பார்கள். சோளகக் காலம் முழுக்க வெள்ளைக்காரர் கற்பிட்டிக்கு வந்து, பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்மேல் ஓடுவதும் இந்தக் காற்றை நம்பித்தான். உலகமே தேடி வரும் காற்றுக்குள் உட்கார்ந்துகொண்டு நான் ஒரு சின்ன ஒலிவாங்கியிடம் காதல் காட்சி சொன்னேன். அன்றைய பக்கத்தில் தமிழ் எழுத்து இருந்தது, தமிழ் இல்லை.

விறாந்தையில் சரிவரவில்லை. கிணற்றடியில் சரிவரவில்லை. அலுமாரியைத் திறந்து சேலைகளுக்கு நடுவே தலையை விட்டுச் சொன்னேன். மிகச் சுத்தமாக எழுதியது. ஆனால் அந்தக் கோலத்தில் என்னை அயல்வீட்டுக்காரி ஒருத்தி பார்த்துவிட்டாள். அவள் மனைவியிடம் தணிந்த குரலில் விசாரித்ததாகப் பிறகு அறிந்தேன்.

கரண்ட் பிரச்சினையும் உண்டு. பக்கத்து நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம், தலைக்கு மேலே காற்றாலை. இந்த ஊரில் போனுக்குச் சார்ஜ் இல்லை என்று சொன்னால் வெளியூரார் சிரிப்பார்கள். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்க மின்சாரம் நின்றது. பாணந்துறையில் துணை மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். என் நாயகி அப்போதுதான் வாய் திறந்து ஒரு முக்கியமான விஷயம் சொல்ல வந்தாள், போன் அணைந்தது. பிறகு எவ்வளவு யோசித்தும் அவள் என்ன சொல்ல வந்தாள் என்பது நினைவுக்கு வரவில்லை. என் இலக்கியத்துக்கு எதிராக விலங்குகள் அணிதிரள்வதை அன்றுதான் கவனித்தேன். எருது வந்தாயிற்று, குரங்கு வந்தாயிற்று. கழுதை பின்னால் வருகிறது.

சொல்லி எழுதுவிப்பது ஒன்றும் புது வித்தை அல்ல. மகாபாரதமே அப்படி வந்ததுதான் என்பார்கள். இடையில் நிறுத்தக் கூடாது என்று பிள்ளையார் நிபந்தனை போட்டார். பொருள் விளங்காமல் எழுதக் கூடாது என்று வியாசர் பதில் நிபந்தனை போட்டார். என் போன் பிள்ளையாரின் நிபந்தனையை அப்படியே வைத்துக்கொண்டது: கொஞ்சம் யோசிக்க நிறுத்தினால் போதும், காதை மூடிக்கொள்ளும். வியாசருடைய நிபந்தனையை அது கேள்விப்பட்டதே இல்லை.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வாயால் பாடலைச் சொல்லிக்கொண்டே போக, மாணாக்கர்கள் ஏட்டில் எழுதினார்கள். அவருக்கு எழுதியவர்களில் ஒருவர் உ.வே.சாமிநாதையர். அப்படிப்பட்ட ஒருவர் எதிரே எழுத்தாணியுடன் உட்கார்ந்தால் நானும் நாலு புராணம் சொல்லுவேன். ருஷ்யாவில் தஸ்தயேவ்ஸ்கி கடனில் மாட்டி, 1866 நவம்பர் முதலாம் தேதிக்குள் ஒரு நாவல் கொடுக்காவிட்டால் நூல்களின் உரிமையே பதிப்பாளருக்குப் போய்விடும் என்ற நிலையில், 20 வயதுச் சுருக்கெழுத்துப் பெண் ஒருத்தியை வைத்துச் 'சூதாடி'யை 26 நாளில் சொல்லி முடித்தார். அடுத்த பெப்ரவரியில் அவளையே கல்யாணமும் செய்துகொண்டார். எனக்கு அதே 26 நாளில் சவாரி முத்துவை எல்லா இடத்திலும் சவிரிமுத்து ஆக்க மட்டும்தான் முடிந்தது. கல்யாணம் ஏற்கெனவே ஆகிவிட்டது.

ஹென்றி ஜேம்ஸ் கதை இன்னும் பிடிக்கும். மணிக்கட்டு வலி வந்து, 1897இல் இருந்து தட்டச்சு செய்பவருக்குச் சொல்லத் தொடங்கினார். போகப்போக ரெமிங்டன் இயந்திரத்தின் சத்தம் காதில் விழாவிட்டால் அவருக்குக் கதையே வராதாம். எனக்குக் காற்றாலைச் சத்தம் அப்படிப் பழகுமா என்று பார்த்தேன். பழகவில்லை.

இவையெல்லாம் வெளித் தொல்லை. உண்மையான தொல்லை என் வாய்க்குள் இருந்தது. தமிழில் நாங்கள் எழுதுவதைப் பேசுவதில்லை, பேசுவதை எழுதுவதில்லை. விரல் தட்டும்போது இது தெரியாது. விரலுக்கு வெட்கம் இல்லை. "அவளது விழியோரம் நீர் துளிர்த்தது" என்று முப்பது வருடமாகக் கூசாமல் எழுதியிருக்கிறேன். அதையே பட்டப்பகலில், சாரத்தோடு, பிளேன்ரீக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நடுவில் குரல் தானாகவே மாறி, பழைய இலங்கை வானொலி அறிவிப்பாளர் ஒருவர் எனக்குள் எழுந்து உட்கார்ந்துவிடுவார். எங்கள் தலைமுறைக்கு நல்ல தமிழ் என்றால் அந்தக் குரல்தான். மனைவி உள்ளே இருந்து, "செய்தி முடிஞ்சுதா? மீன் வெட்டித் தாறீங்களா?" என்பாள்.

உரையாடல்கள் மட்டும் ஓடின. சம்மாட்டியார் கூலிக்காரரை ஏசும் ஒரு பக்கத்தை ஒரே மூச்சில் சொன்னேன். தட்டியிருந்தால் மூன்று நாள் ஆகியிருக்கும், அதில் பாதி ஏச்சு குறைந்திருக்கும். போன் கெட்ட சொற்களை மட்டும் பிழையின்றி எழுதியது எப்படி என்பது எனக்கு விளங்கவில்லை.

கடைசியில் காற்றுப் படாத இடம் ஒன்று கிடைத்தது. கடற்கரை வாடி. கிடுகால் நெருக்கி மேய்ந்தது. உள்ளே கூரைவரை வலைக் குவியல். ஒலிப்பதிவுக் கூடம் தோற்றுவிடும். மணம் வேறு விஷயம். அங்கே மூலையில் இருந்து கிழிந்த வலையைச் சரிபார்க்கும் நாலு பேர், நான் போனோடு பேசுவதை முதல் நாள் மரியாதையாகக் கவனிக்காத மாதிரி இருந்தார்கள். இரண்டாம் நாள் கை நின்றது. மூன்றாம் நாள் நான் பிந்திப் போனபோது, "என்ன மாஸ்டர், சவிரி கரைக்கு வந்திட்டானா?" என்று கேட்டார்கள். முப்பது வருட எழுத்தில் என்னிடம் அடுத்த அத்தியாயம் கேட்ட முதல் வாசகர்கள்.

வாசகர் என்றால் விமர்சகரும்தான். "கச்சான் பலமாக வீசியது" என்று ஒருமுறை எழுதி அனுப்பிய கதையைக் கொழும்பில் ஒருவர் வாசித்துவிட்டு, கடலையை யார் யார்மேல் எறிந்தார்கள் என்று கேட்டிருக்கிறார். வாடிக்காரருக்கு அந்த மயக்கம் கிடையாது. எந்த மாதம், எந்தக் காற்று, படகு எந்தப் பக்கம் சாயும் என்று ஒவ்வொரு வரியிலும் மறித்தார்கள். ஏழாம் அத்தியாயத்தில் சவிரிமுத்து களப்பில் மூழ்கிச் சாகிறான். நாவலின் உச்சம். குரல் தழுதழுக்கச் சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்தேன். ஒருவர் கண்ணிலும் நீர் துளிர்க்கவில்லை.

"எவடத்த தாண்டவன் மாஸ்டர்?"

இடத்தைச் சொன்னேன்.

"அங்க இடுப்பளவு தண்ணிதானே. அவன் எழும்பி நிண்டா முடிஞ்சுது."

புத்தளம் களப்பு ஆழமில்லாத களப்பு என்று பிள்ளைகளுக்குப் படிப்பித்தவனே நான்தான். சவிரிமுத்துவை எழுப்பி நிறுத்தினேன். இப்போது அவன் பதினோராம் அத்தியாயத்தில் உயிரோடு, என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறான். கடல் பக்கம் கொண்டுபோகலாம் என்றால், சோளகம் தொடங்கிய பிறகு அங்கே எவன் படகு தள்ளுவான் என்று கேட்கிறார்கள். வாடை தொடங்கும்வரை அவன் சாக முடியாது.

கழுதையை மறந்துவிட்டேன். புத்தளம், கற்பிட்டிப் பக்கம் கட்டாக்காலிக் கழுதைகள் திரிவது தெரிந்ததுதானே. பங்குத் தந்தையின் பிரசங்கம் ஒன்றை நான் மிக உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது வாடிக்கு வெளியே ஒன்று நின்று, முழு மூச்சையும் எடுத்துக் கத்தியது. போனைப் பார்த்தேன். ஓர் எழுத்துக்கூட இல்லை. பொருள் விளங்காமல் எழுதக் கூடாது என்ற வியாசரின் நிபந்தனையை அது கடைப்பிடித்த ஒரே இடம் அது.

தோள் இப்போது பாதி குணம். கை தலைவரை போகிறது. பேச்சுப் பகுதிகளை வாடியில் வைத்துச் சொல்லுகிறேன். விழியோரத்து நீரை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, பாமினியில், யார் காதிலும் விழாமல் இரண்டு விரலால் தட்டுகிறேன். இரண்டையும் சேர்த்துத் திருத்துவது மருமகள். அவளும் மனுசிதான், கண் தப்பும். ஆகவே நாவல் வெளிவந்து உங்கள் கைக்குக் கிடைத்தால் ஓர் உதவி செய்யுங்கள். எங்காவது ஒரு காட்டு எருது தென்பட்டால் அதைக் காற்று என்று வாசித்துக்கொள்ளுங்கள். தோட்டம் மட்டும் தோட்டம்தான்.