கூடத்துக் கச்சேரி

கேள்வி: மைக் இல்லாமல் வீட்டுக் கூடத்தில் வீணைக் கச்சேரி வைத்தால் எடுபடுமா? (கிள்ளான் வாசகர்)

பதில்: எடுபடும், மின்விசிறியை நிறுத்தினால். மைக் கர்நாடக இசைக்கு 20ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்த விருந்தாளி. அதற்கு முன் கோயில் மண்டபம், அரண்மனை, வீட்டுக் கூடம் ஆகியவையே மேடை. சென்னை ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் (1867–1938) வெள்ளிக்கிழமை மாலைகளில் தம் வீட்டிலேயே வாசித்தார். மென்மையான நாதம், ஒரு இருமலில் ஒரு சங்கதி போய்விடும். வித்வான்களும் வாய் திறக்காமல் கேட்டார்கள். அது வித்வான்களுக்கு லேசான காரியமல்ல!

வீணையில் மெட்டின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிப்பார்கள். நாதம் ஓயும் தறுவாயில் வரும் கடைசி அசைவு முதல் பாயில் இருப்பவருக்குக் கேட்கும். பெரிய அரங்கின் கடைசி வரிசைக்குப் போகாது. மைக் வைத்தால் போகும், மிருதங்கமும் கூடவே வீங்கும்.

வாசிக்க ஆளை எங்கே தேடுவது? கோலாலம்பூரில் 1981இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் பிரிக்பீல்ட்ஸில் இசையும் நடனமும் கற்றுத்தருகிறது. அங்கேயே அன்னலட்சுமி சைவ உணவகமும் உண்டு: செவிக்கு முதலில், வயிற்றுக்குப் பிறகு என்ற வள்ளுவர் வரிசை.

கிள்ளான் வரிசை வீட்டு வரவேற்பறையில் இருபது பேர் தாராளமாக உட்காரலாம். மாலை மழை தகரக் கூரையில் இறங்கினால் மட்டும் தனி ஆவர்த்தனம் அதற்குத்தான்.