கொஞ்சம் பனிதானே தாத்தா!

போங்கடா கண்ணுகளா, தாராளமாப் போங்க. டிசம்பர் லீவுல கேதார்காந்தா ஏறப் போறோம்னு நாலு பேரும் வந்து வரிசையா நிக்கிறீங்க. முட்டி வரைக்கும் பூட்ஸு, உப்பிப்போன ஜாக்கெட்டு, கழுத்துல செல்போனைத் தொங்கவிட ஒரு வாரு. கச்சிராயபாளையத்து வெயில்ல இதையெல்லாம் மாட்டிக்கிட்டு வந்து எங்கிட்ட ஆசீர்வாதம் கேக்குறீங்க. வேர்வை சொட்டுது பாரு. ஆசீர்வாதம் எங்கயும் போவாது, மொதல்ல ஜாக்கெட்டைக் கழட்டுங்க.

கேதார்காந்தான்னா உத்தரகாசி ஜில்லா. சாங்க்ரின்னு ஒரு ஊர்லேருந்து ஏறணும். உச்சி 12,500 அடி. நம்ம பெரிய கல்வராயனே ஏறக்குறைய 4,000 அடிதான். வெள்ளிமலைக்குப் பஸ்ல போறப்பவே மூணாவது வளைவுல சன்னலுக்கு வெளிய தலைய நீட்டினவன் ஒருத்தன் உங்கள்ல இருக்கான். யாருன்னு நான் சொல்ல மாட்டன். அவனே தலையக் குனிஞ்சிக்கிட்டான், பாத்துக்கங்க.

பேராண்டி சொல்றான்: "இப்பத்தான் தாத்தா பனி விழ ஆரம்பிச்சிருக்கு. கொஞ்சம் பனிதானே, பயம் ஒண்ணும் இல்ல. ஜனவரியிலதான் ஆபத்து." கேக்கவே குளுகுளுன்னு இருக்கு. என்னா படிச்சிருக்க? எஞ்சினீரிங்கா? சரி சரி, அப்ப உன்மேல தப்பு இல்ல.

நான் படிக்காதவன்டா. பட்டாளத்துல இருந்தப்ப பனிமலையில சில குளிர்காலம் உக்காந்து எழுந்தவன், அவ்வளவுதான். அங்க சுபேதார் மொதல் நாளே சொன்னதைச் சொல்றன்: நெறைய பனியைப் பாத்தா எவனும் பயப்படுவான், கொஞ்சம் பனியைப் பாத்துப் பயப்படத்தான் படிச்சிக்கணும். எங்களுக்குச் சிரிப்பு வந்துச்சு. அவருக்கு வரல.

ஏன்னு கேளு. பனிக்கு அடியில இருக்குற மண்ணு வெயில்காலத்துச் சூட்டைப் பிடிச்சு வெச்சிருக்கும். மேல காத்து மைனஸ் 20-ன்னாலும் கீழ தரை சுழியத்தை ஒட்டித்தான் நிக்கும். நடுவுல ஒரு முழம் பனி. மேகமே இல்லாத ராத்திரி, நட்சத்திரம் கொட்டிக் கிடக்கும், நீங்க அண்ணாந்து போட்டோ எடுத்துக்கிட்டு இருப்பீங்க. அப்பத்தான் கீழ வேலை நடக்கும். அடியில இருக்குற பனி ஆவியாகி மேல ஏறும். ஏறுற வழியிலேயே திரும்ப உறையும். உறைஞ்சது முன்ன இருந்த பனி இல்ல, பெரிய பெரிய பரலு. ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. கையில அள்ளி அமுக்கினா உருண்டை பிடிக்காது, விரலிடுக்குல உதிர்ந்து ஓடிடும். அதே எடத்துல ரெண்டு ஆள் உசரம் பனி கிடந்தா, கீழ இருக்குற சூட்டுக்கும் மேல இருக்குற குளிருக்கும் தூரம் அதிகம், இந்தக் கெடுதல் மெதுவாத்தான் நடக்கும், பரலு ஒட்டிக்கவும் நேரம் கிடைக்கும். இப்பச் சொல்லு, எது பொல்லாதது? பதில் வேணாம், மூஞ்சியிலேயே தெரியுது.

நம்ம மலையில சாமை அறுத்தா பாறைமேலதானே கொட்டிக் காயவெக்கிறோம்? சரிஞ்ச பாறையா ஒண்ணு பாரு. சாமையைப் பரப்பு. மேல ஒரு பாயைப் போடு. பாய்மேல உங்கப்பனை உக்காரவை. நவம்பர் பனிதான் சாமை. அதுக்கப்புறம் மேற்கேருந்து ஒரு காத்தழுத்தம் வரும், மேற்கத்திய இடையூறுன்னு ரேடியோவுல சொல்றானே அதுதான், ரெண்டு நாள்ல இடுப்பளவு கொட்டிட்டுப் போவும். அதுதான் பாய். உங்கப்பன் எடத்துல நீ. மத்ததை உங்கப்பன் பாறைக்கு அடியிலேருந்து எழுந்து வந்து சொல்லுவாரு.

இதுல உங்களுக்குப் பெருமையா ஒரு சேதியும் இருக்கு. மலை தானா உருட்டி ஆளைக் கொல்றது கம்மி. பனியில விளையாடப் போயிச் செத்தவங்க கணக்கை எடுத்தா, பத்துல ஒம்பது சரிவை உருட்டி விட்டது செத்தவனே, இல்ல அவன் கூட வந்தவன். மிதிச்ச மிதியில அடியடுக்கு நொறுங்கும். 'உம்ப்'புன்னு ஒரு சத்தம் காலுக்குக் கீழ கேக்கும். விரிசல் சர்ருன்னு ஓடும். அறிவுள்ளவன் அந்த எடத்துல மூச்சைப் பிடிச்சிக்கிட்டு வந்த வழியே திரும்புவான். நீங்க என்னா பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியும்: "மச்சான், இன்னொருவாட்டி மிதிடா, வீடியோவுல விழல!"

கேதார்காந்தா பாதை அவ்வளவு செங்குத்து இல்லைன்னு சொல்றீங்க. ஒத்துக்கிறன். வழிகாட்டி போற தடத்துலேயே ஒழுங்காப் போனா பெரும்பாலும் பத்திரமாத்தான் வருவீங்க. ஆனா நீங்க ஒழுங்காப் போற ஜாதியா? பள்ளிக்கூடத்துக்கே குறுக்கு வழியில, அதுவும் எங்கூட்டுக் கொய்யா மரத்தைத் தொட்டுக்கிட்டுப் போனவங்க. எவன் காலும் படாத வெள்ளைச் சரிவு பக்கத்துல தெரிஞ்சதும் காலு அரிக்கும். 30 டிகிரியிலேருந்து 45 வரைக்கும் இருக்குற சரிவுதான் ஆளைத் தின்னுறது. அதுக்குக் கம்மியா இருந்தா பனி நவுறாது, ரொம்ப நட்டுக்குத்தலா இருந்தா தங்காமத் தானே கொட்டிக்கிட்டே இருக்கும். பாத்தவொடனே 'ஆகா, இதுல சறுக்கி விளையாடலாமே'ன்னு எந்தச் சரிவு உங்களைக் கூப்பிடுதோ, அது அந்தக் கணக்குக்குள்ளதான் இருக்கும். செல்போன்ல சாய்மானம் அளக்குற கருவி இருக்காமே, அதை ஒருநாளாவது தொட்டுப் பாத்திருக்கீங்களா?

வடக்குப் பாத்த சரிவுல வெயில் படாது, கெட்டுப்போன அடுக்கு மாசக்கணக்குல ஆறாமக் கிடக்கும். காத்து மேட்டைத் தாண்டி எந்தப் பக்கம் பனியை வாரிக் கொட்டுதோ, அந்தப் பக்கம் பாரம் ஜாஸ்தி. சரிவுல ஏறாம அடிவாரத்துல சமமான எடத்துல உக்காந்து டீ குடிக்கிறவனையும் அது விடாது, வந்து மூடிட்டுப் போவும்.

இதுல ஒரு சேதியை மட்டும் கிண்டல் இல்லாமச் சொல்றன். உத்தரகாசியில நேரு மலையேற்ற நிறுவனம் 1965-லேருந்து நடக்குது. மலை ஏறச் சொல்லிக் குடுக்குற எடம். 2022 அக்டோபர் 4-ஆம் தேதி, நமக்குப் புரட்டாசி கூட முடியல, அவங்க ஆளுங்க திரௌபதி கா டண்டா சிகரத்துல பயிற்சிக்கு ஏறினப்ப பனிச்சரிவு வந்துச்சு. 29 பேர் போயிட்டாங்க. அதுல சவிதா கன்ஸ்வால்னு ஒரு பொண்ணு. அந்த வருஷம் மே மாசம்தான் எவரெஸ்டையும் மக்காலுவையும் 16 நாளுக்குள்ள ஏறி இறங்கினது. சொல்லிக் குடுக்குற வாத்தியாரா அங்க போயிருந்துச்சு. அந்தப் பொண்ணு தெரியாம மிதிச்சதுன்னு எவனாவது சொன்னா எனக்குக் கோவம் வரும். அவ்வளவு தெரிஞ்சவங்களுக்கே அந்தக் கதி.

உடனே ஒருத்தன் கேக்குறான், "சியாச்சின்ல ஆறு நாள் பனிக்கு அடியில ஒருத்தர் உசுரோட இருந்தாரே தாத்தா?" இருந்தாரு. 2016 பிப்ரவரி 3, சோனம் சாவடி, 19,600 அடி. மெட்ராஸ் ரெஜிமெண்டு 19-ஆவது பட்டாலியன் ஆளுங்க 10 பேர் புதைஞ்சாங்க, அதுல நாலு பேர் நம்ம தமிழ்நாட்டுப் பசங்க. லான்ஸ் நாயக் அனுமந்தப்பாவை மட்டும் உசுரோட தோண்டி எடுத்தாங்க. அவரும் பிப்ரவரி 11-ஆம் தேதி டெல்லி ஆஸ்பத்திரியில போயிட்டாரு. பத்துல ஒருத்தர், அவரும் தங்கல. இதுதான் உன் தைரியத்துக்கு ஆதாரம்னா, நீ பரிச்சையில வாங்கின மார்க்குக்கு இப்பத்தான் காரணம் புரியுது.

நம்ம மலையில பனி இல்லைன்னு எளக்காரமும் வேணாம். பாரம் ஏறினா சரியறது எல்லா மலைக்கும் பொது. 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் வந்துச்சே, மயிலத்துல ஒரே நாள்ல 51 சென்டிமீட்டர் மழை. டிசம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலையில மலைச்சரிவு வீட்டுமேல விழுந்து ஏழு பேர் செத்தாங்க. ஐப்பசி, கார்த்திகையில நம்ம கல்வராயன்மலைப் பெரியார் அருவியிலயும் மேகம் அருவியிலயும் குளிக்காதேன்னு வனத்துறை தடை போட்டா, "மழையே இல்லையே, எதுக்குத் தடை?"ன்னு கயித்தைத் தாண்டிப் போறீங்க. உன் தலைமேல மழை பெய்யணும்னு என்னா சட்டம்? மேல எங்கயோ பெஞ்சது கீழ வந்து சேர நேரம் ஆவும். அதுவரைக்கும் நீ சோப்பு போட்டுக்கிட்டு இருப்ப. இங்க ஒரு கயித்தையே மதிக்காதவன், அங்க கயிறே கட்டாத மலையில ஏறப் போறான்!

சரி, போறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. டிக்கெட்டுக்குப் பணம் கட்டியாச்சு, திருப்பித் தர மாட்டானாம். உசுரை விடப் பெரிய பிரச்சினைதான் அது. அப்ப இதைக் கேளுங்க. சண்டிகர்ல ராணுவ ஆராய்ச்சிக்காரங்களோட டி.ஜி.ஆர்.இ.ன்னு ஒண்ணு இருக்கு. 1969-ல மணாலியில ஆரம்பிச்ச சாசேங்கிற பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையத்தை இன்னொரு நிலையத்தோட சேத்து 2020-ல இந்தப் பேர் வெச்சாங்க. உத்தரகாண்டு, இமாச்சல், காஷ்மீர்ப் பக்கமெல்லாம் எந்த ஜில்லாவுல எவ்வளவு பனிச்சரிவு அபாயம்னு அறிக்கை விடுறாங்க. மேட்ச் ஸ்கோரு பாக்குற கையால அதையும் காலையில பாக்கணும். புதுப்பனி கொட்டி முடிஞ்ச மொத ரெண்டு நாள் சரிவுப் பக்கமே தலை வெக்கக் கூடாது. சரிவைக் கடந்துதான் ஆவணும்னா ஒவ்வொருத்தனாக் கடக்கணும், மத்தவங்க பத்திரமான எடத்துல நின்னு கண்ணை எடுக்காமப் பாக்கணும். செல்ஃபிக்கு ஒட்டிக்கிட்டுப் போறதெல்லாம் கல்யாணத்துல வெச்சிக்கங்க.

தடத்தை விட்டு வெளிய போற ஆசை இருந்தா, ஆளுக்கு மூணு சாமான் வேணும். ஆளு எங்க புதைஞ்சிருக்கான்னு சிக்னல் காட்டுற டிரான்சீவர் ஒண்ணு, குத்திப் பாக்க நீளமா மடிக்கிற கம்பி ஒண்ணு, தோண்ட மண்வாரி ஒண்ணு. "ஹெலிகாப்டர் வரும் தாத்தா"ன்னு சொல்லாதே. வரும், பொணத்தை எடுக்க. புதைஞ்சவனை 15 நிமிஷத்துல வெளிய எடுத்தா பத்துல ஒம்பது பேர் பொழைப்பாங்கன்னு ரொம்ப காலமாச் சொன்னாங்க. இப்ப சுவிட்சர்லாந்துக்காரன் கணக்குப் பாத்து அதைப் பத்து நிமிஷமாக் கொறைச்சிட்டான். அரைமணி தாண்டினா பொழைக்கிறது பத்துல மூணு பேருன்னு வெச்சிக்க. சரிஞ்சு நின்ன பனி இறுகிப்போவும், விரலைக் கூட அசைக்க முடியாது. ஆக, உன்னைக் காப்பாத்தப் போறவங்க உன் கூட வர்ற இந்த மூணு பேருதான். நல்லா ஒருதரம் திரும்பிப் பாத்துக்க.

ஒரு மீட்டர் ஆழத்துல கிடக்குறவனை எடுக்க ஒரு டன்னுக்கு மேல பனியை வாரித் தள்ளணும். உங்க நாலு பேர்ல மண்வெட்டியைப் பிடிச்சவன் எவன்? கையைக் காட்டுங்க, உள்ளங்கையைப் பாப்பம். ம், நெனைச்சன்.

எங்கூட்டு மரவள்ளிக் கொல்லையில வரப்போரமா நாலு உரக்குழி வெட்டணும்னு ஆளு தேடிக்கிட்டு இருக்கன். ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு வாங்க. ஆளுக்கு ஒரு குழி, ஒரு மீட்டர் ஆழம், செல்போன்ல பத்து நிமிஷம் வெச்சுத் தோண்டுங்க. முடிச்சவன் கேதார்காந்தா போலாம், நானே பஸ் ஏத்தி விடுறன். முடியாதவன் சாயங்காலம் வரைக்கும் அங்கயே தோண்டிப் பழகட்டும். கூலி கிடையாது, பயிற்சிதானே. கஞ்சியும் மோர்மொளகாயும் உண்டு. அந்த ஜாக்கெட்டை மட்டும் போட்டுக்கிட்டு வராதீங்க, மாடு மெரளும்.