ஆங்கிலேயன் வாயில் நம்ம சக்கை

லெஸ்டர், இங்கிலாந்து

அன்புள்ள அண்ணனுக்கு,

குளிருக்கும் ஆங்கிலத்துக்கும் பயந்துகொண்டேதான் விமானம் ஏறினேன். குளிர் பயந்தபடியே இருக்கிறது. ஆங்கிலத்தைக் கிளறிப் பார்த்தால் உள்ளே நம்ம விளையே கிடக்கிறது!

இங்கே கடையில் சக்கையைத் தகர டப்பாவில் விற்கிறார்கள். பெயர் ஜாக்ஃப்ரூட். "ஜாக் யார், உங்கள் ஊர் விவசாயியா?" என்று கூட வேலை பார்க்கும் பெண் கேட்டாள். நம்ம சக்கையைப் போர்த்துகீசியர் 'ஜாக்கா' ஆக்கினார்கள், நீங்கள் அதற்கு ஞானஸ்நானம் செய்து ஜாக் ஆக்கிவிட்டீர்கள் என்றேன். நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் அம்மச்சிப் பிலா என்ற பலாமரத்தின் பொந்தில் திருவிதாங்கூரின் மார்த்தாண்ட வர்மா ஒளிந்து தப்பிய கதையையும் எடுத்துவிட்டேன். ராஜா பிழைத்தாரா என்று அவள் கேட்கவில்லை. மரத்தில் காய் இருந்ததா என்றுதான் கேட்டாள்.

வீட்டு வாசல்களில் கிடக்கும் கால்மிதியின் நாருக்கு 'கொயர்' என்று பெயர். மலையாளத்துக் கயர்தான். பொழியூர்க் கடப்புறத்துக் கட்டுமரம் இங்கே 'கேட்டமரான்' ஆகி, இரட்டை உடம்போடு பணக்காரர்களைச் சுமக்கிறது. நம்ம ஆட்கள் அதில் மீன் பிடித்தார்கள். இவர்கள் வெயில் காய்கிறார்கள். 'மல்லிகட்டானி' என்று ஒரு சூப். மிளகுத்தண்ணிதான் அப்படி ஆகியிருக்கிறது. ஆசையாக டப்பாவைத் திறந்தேன். மிளகையும் காணோம், தண்ணியையும் காணோம், கூழாக நின்றது.

இப்படி இந்தியாவிலிருந்து போன சொற்களுக்கென்றே யூல், பர்னெல் என்ற இருவர் தொகுத்த தடித்த அகராதி 1886இல் வந்தது. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அகராதியின் பெயர் 'ஹாப்சன்-ஜாப்சன்'. யாரோ இரண்டு துரைமார் என்று நினைத்துவிடாதீர்கள். மொகரத்தில் "யா ஹசன், யா ஹுசைன்" என்று எழுந்த குரல் வெள்ளைக்காரச் சிப்பாயின் காதில் விழுந்த லட்சணம் அது!

ஆங்கிலத்தின் கலப்பு இப்படி என்றால், நம்ம கலப்பின் கதை வேறு. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடும் கல்குளமும் தமிழ்நாட்டோடு போக, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அன்றிலிருந்து அந்தத் தாலுகாவின் நம்ம பாறசாலைக்காரன் திருவனந்தபுரம் போனால் பாண்டி, நாகர்கோவில் போனால் மலையாளத்தான். இரண்டு மொழியைக் கலந்து பேசுகிறோம் என்று இரு பக்கமும் சிரிப்பு. கண்ட துறைமுகத்தில் எல்லாம் கைநீட்டிச் சொல் வாங்கிய ஆங்கிலத்தைப் பார்த்து மட்டும் யாரும் சிரிப்பதில்லை. ஃபீஸ் கட்டிப் படிக்கிறோம்.

அதனால், உங்கள் சின்னவன் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுகிறான் என்று பள்ளிக்கூடத்தில் புகார் சொன்னால் அவனைத் திட்டாதீர்கள். இரண்டையும் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுங்கள். ஆங்கிலம் தானாக வந்து சேரும். அதுவும் நம்மைப் போலக் கலந்து பேசுகிற ஜாதிதான்.

அன்புடன்,
உங்கள் தம்பி