சென்செக்ஸ் ஜுரமும் போடி ஏலக்காயும்

2024 மே மாதம் ஒரு பேட்டியில் அமித் ஷா, ஜூன் 4-க்கு முன்பே பங்குகளை வாங்குங்கள், சந்தை ஏறும் என்றார். உள்துறை அமைச்சர் பங்கு யோசனை சொல்ல செபி உரிமம் தேவையில்லை போலும்.

மக்களவைத் தேர்தல் கருத்துக்கணிப்பை நம்பி ஜூன் 3-ல் சென்செக்ஸ் 2,507 புள்ளி துள்ளியது. மறுநாள் வாக்கு எண்ணியதும் 4,390 புள்ளி விழுந்தது. பா.ஜ.க.வுக்குத் தனிப்பெரும்பான்மை கிடைக்கவில்லை, அவ்வளவுதான். பிரதமர் மோடியேதான். ஜூன் 7-ல் சந்தை புதிய உச்சத்தில் முடிந்தது!

இந்த ஜுரம் பழசு. 2004 மே 17-ல் இடதுசாரி ஆதரவில் காங்கிரஸ் வருகிறது என்று சந்தை சுருண்டு விழுந்தது. பிரதமரானவர் மன்மோகன் சிங். 2009 மே 18-ல் அதே மனிதர் மீண்டும் வருகிறார் என்று, வர்த்தகத்தையே நிறுத்தும் அளவுக்கு ஏறியது.

போடிநாயக்கனூரில் இந்த ஜுரம் இல்லை. அங்கே நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் ஏலக்காய் வாங்க வரும் வியாபாரிகள் காயின் பருமனையும் பச்சை நிறத்தையும்தான் பார்ப்பார்கள். டெல்லியில் யார் என்பது டீக்கடைக்கான விஷயம். ஏலக்காய் விளையும் இடுக்கி மலையில் 2018-ல் வெள்ளம், பிறகு மழைக்குறைவு. 2019-ல் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த ஆண்டு மோடி மீண்டும் வென்றதற்கு அதில் பங்கில்லை.

கம்பத்து நெல் விவசாயி கவனிக்கும் குறியீட்டெண் ஒன்றுதான்: முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம். அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2014-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது 142 அடி.