முதல் பக்கம் அளிக்கும் வள்ளலுக்கு

ஐயா, திருத்துறைப்பூண்டி பக்கத்தில் பாரம்பரிய நெல் பயிரிட்டு, அரிசியாக்கித் தானே விற்கும் என் சித்தப்பாவின் சார்பில் உங்களைப் புகழ வந்திருக்கிறேன். இதில் ஒரு சொல்லும் மிகையில்லை. எல்லாம் நடந்ததுதான்.

முதலில் உங்கள் வேகத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் குறுவையே நூறு நாளைத் தாண்டித்தான் அறுவடைக்கு வரும். சித்தப்பா பயிரிடும் மாப்பிள்ளைச் சம்பா ஏறக்குறைய 160 நாள் வயலில் நிற்கும். ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பார்களா என்று ஆண்டுதோறும் காத்திருந்தே தலை நரைத்த மனிதரிடம், "தொண்ணூறே நாளில் உங்கள் தளத்துக்குக் கூகுளில் முதல் இடம் சார், எழுதியே தருகிறோம்" என்றீர்கள். முதல் இடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. கூகுளால் முடியாததை நீங்கள் எழுதிக் கையெழுத்தும் போட்டீர்கள்.

சொன்ன சொல் தவறவும் இல்லை. ஏழு சொற்களைக் கோத்து ஒரு நீளத் தொடர் அனுப்பினீர்கள். அதை அப்படியே தட்டினால் சித்தப்பாவின் தளம்தான் முதலில் வருகிறது. அந்தத் தொடரைத் தட்டிப் பார்த்தவர்கள் நீங்கள், நான், சித்தப்பா மகளான என் தங்கை, மூன்றே பேர். 'மாப்பிள்ளைச் சம்பா அரிசி எங்கே கிடைக்கும்' என்று சாதாரணமாகக் கேட்கிறவர்கள், நெல் வயலை மிதித்தே அறியாத இடைத்தரகர்களின் கடைக்குப் போகிறார்கள். ஆள் வராத பந்தலில் முன்வரிசை நாற்காலியைத் துடைத்துப் போட்டு வைத்த கை உங்கள் கை.

அடுத்து, உங்கள் பழமைப் பற்று. பக்கத்தின் தலைப்பகுதியில், படிப்பவர் கண்ணுக்குப் படாமல் தேடுசொற்களை அடுக்கி வைக்கும் வழக்கம் ஒன்று முன்பு இருந்தது. இணையத் தேடலின் வரிசைக்கு அதைக் கணக்கில் எடுப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. என் தங்கை தளத்தைப் பிரித்துப் பார்த்தபோது அங்கே காட்டுயானம், பூங்கார், கருப்புக் கவுனி என்று இருநூறு சொற்கள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. எங்கள் பக்கத்து ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் அழிந்து போகவிருந்த 160-க்கும் மேற்பட்ட நெல் ரகங்களைத் தேடிக் காத்தார். அதே ஊர்ப்பக்கத்துத் தளம் ஒன்றில், செத்துப்போன ஓர் உத்தியை நீங்கள் காத்திருக்கிறீர்கள். அவர் இரண்டு கிலோ விதை கொடுத்து, மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பி வாங்கி, அடுத்த உழவர்களுக்குக் கொடுத்தார். சித்தப்பா உங்களிடம் விதைத்தது ஒரு போகத்தின் லாபம். அது யார் வயலில் முளைத்ததோ, எங்கள் வயலில் இல்லை.

உங்கள் விருந்தோம்பலையும் விடக்கூடாது. கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-ல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து உலகுக்குச் சொன்ன கணக்கு, கிராமத்தில் பிறந்தவனுக்கு எளிதில் புரியும். நாலு பேர் நல்லபடியாகச் சொன்னால் நம்பலாம். அந்த நாலு பேரும் மதிப்புள்ளவர்களாக இருந்தால் இன்னும் நம்பலாம். ஒரு தளத்துக்கு மற்ற தளங்கள் கொடுக்கும் இணைப்புதான் அந்தச் சொல். சித்தப்பாவுக்கு நாலு பேர் நிஜமாகவே உண்டு: அவரிடம் விதை வாங்கும் உழவர்கள், தன்னிடம் வருபவர்களுக்கு இந்த அரிசியைச் சொல்லி அனுப்பும் ஒரு சித்த மருத்துவர், வாங்கிச் சமைத்துப் பார்த்துப் படத்தோடு எழுதும் ஒரு சென்னைப் பெண். அவர்களில் ஒருவரையும் தொந்தரவு செய்யாமல், முந்நூறு தளங்களைக் காசு கொடுத்துக் கூட்டி வந்தீர்கள். சூதாட்டத் தளம்கூட மாப்பிள்ளைச் சம்பாவைப் பரிந்துரைத்தது. இப்படி வாங்கிய இணைப்புகளைப் புடைத்துத் தள்ளத்தான் கூகுள் 2012-ல் 'பென்குயின்' என்ற முறத்தைக் கையில் எடுத்தது. பதர் பறக்கும்போது கூடவே நெல்லும் போய்விடுமோ என்ற பயம் என் தங்கைக்கு இன்னும் தீரவில்லை.

ஓவியத் திறமைக்கு வருகிறேன். இதைச் சொல்லும்போதுதான் எனக்குக் கை நடுங்குகிறது. மாப்பிள்ளைச் சம்பா சிவப்பு அரிசி. தளத்தில் நீங்கள் போட்டது வெள்ளை வெளேரென்று நீண்ட பாசுமதிப் படம். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் பத்துக் கிலோ வரவழைத்து, "படத்தில் காட்டிய அரிசி இதில்லையே" என்று திருப்பி அனுப்பிவிட்டார். நாற்பது வருஷத்தில் சித்தப்பாவிடமிருந்து போன மூட்டை திரும்பி வந்ததில்லை. பிரித்துக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, நம்ம அரிசி செவப்புன்னு அவங்களுக்குத் தெரியாதா?" என்று என்னைக் கேட்டார். ஒரு முறம், ஒரு பிடி அரிசி, காலை வெயில், ஒரு கைபேசி. அந்தப் படத்துக்குச் செலவே இல்லை. அதற்கு எங்கள் ஊர் வரை ஒருமுறை வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வந்திருந்தால் இன்னொன்றும் கேட்டிருப்பீர்கள். நாள் முழுக்க அவருக்குத் தொலைபேசி வருகிறது. முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டுமா? குக்கரில் எத்தனை விசில்? பழைய சோற்றுக்கு ஆகுமா? பல் இல்லாத அம்மாவுக்குக் கஞ்சி வைக்கலாமா? உமி மட்டும் நீக்கியதா, தீட்டியதா? மக்கள் தேடுபொறியில் தட்டுவதும் இதே கேள்விகளைத்தான். மாப்பிள்ளை என்ற பெயரை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாகத் தட்டுவார்கள். தமிழிலும் தட்டுவார்கள், குரலிலும் கேட்பார்கள். பதில் எல்லாம் அவர் வாயில் இருந்தது. நீங்கள் தளத்தில் எழுதியதோ 'தஞ்சை தரணியின் தலைசிறந்த தரமான அரிசி' என்ற ஒரே வாசகம், பதினான்கு இடத்தில்.

மாதம் தவறாமல் அனுப்பிய அறிக்கைகள் மட்டும் கண்கொள்ளாக் காட்சி. தொண்டைமானின் படைக்கொட்டிலில் ஔவை கண்ட, போருக்கே போகாத வேல்கள் மாதிரி, நெய் பூசி, மயில்தோகை சூடி, ஒரு கீறலும் இல்லாமல் இருந்தன. ஏறு கோடுகள், வண்ணச் சக்கரங்கள். அந்த மாதங்களில் தளத்தைப் பார்த்து வந்த ஆர்டர் இரண்டு. அதில் ஒன்றுதான் கோயம்புத்தூர்.

கடைசியாக உங்கள் காவல். கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிய ஒரு பைசா வேண்டாம். அந்தப் பதிவை உங்கள் மின்னஞ்சல் பெயரில் தொடங்கி, இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறீர்கள். கடை நேரத்தை மாற்றச் சித்தப்பா உங்களைக் கேட்க வேண்டும். கடையைக் காட்டும் குறியும் இரண்டு தெரு தள்ளி நிற்கிறது. அதை நம்பி வந்தவர்கள் ஒரு சைக்கிள் கடையில் விசாரித்துத்தான் வந்து சேர்கிறார்கள். கடவுச்சொல் கேட்டபோது, அதற்குத் தனிக் கட்டணம் என்றீர்கள்.

தை பிறந்தால் சம்பா அறுவடை. இந்த வருஷம் தொலைபேசியில் வரும் கேள்விகளுக்கான பதில்களைத் தளத்தில் தானே எழுதுவதாகத் தங்கை சொல்லியிருக்கிறாள். சிவப்பு அரிசியைப் படமும் எடுத்துவிட்டாள். ஐயா, நீங்கள் வள்ளல். முதல் பக்கம், முன்வரிசை, முந்நூறு விருந்தாளி, வெள்ளை அரிசி என்று கேட்காததையெல்லாம் கொடுத்தீர்கள். கேட்பது ஒன்றே ஒன்று: அறுப்புக்கு முன்னால் எங்கள் கடைச் சாவியை எங்களிடம் கொடுத்துவிடுங்கள்.